5,000 படங்கள், 30 ஆண்டுகள், ஒரு சட்டம்: குழந்தைத் தொழிலாளர்களைத் தேடிப் போன லூயிஸ் ஹைன் யார்?

ஒரு மில்லில் பத்து வயதுப் பிள்ளை வேலை செய்கிறது. அதன் வயதை எப்படி நிரூபிப்பது? முதலாளியைக் கேட்டால் பதினான்கு என்பார். மேஸ்திரியைக் கேட்டால், இந்தப் பையன் வேலைக்காரனே இல்லை, அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன் என்பார். அம்மாவோ வீட்டுக்கு வரும் கூலி நின்றுவிடுமே என்று பயந்து வயதைக் கூட்டிச் சொல்வார். பிள்ளையைக் கேட்டால், தெரியாது என்று தலையை ஆட்டிவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு ஒரு புகைப்படக்காரர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. தான் போட்டிருக்கும் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டார். சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பார். தலை எந்தப் பொத்தானுக்கு நேராக வருகிறது என்று பார்த்துக்கொள்வார். உயரம் தெரிந்துவிடும். உயரத்தை வைத்து வயதைக் கணிக்கலாம். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, யாருக்கும் தெரியாமல் அதைக் குறித்துக்கொள்வார். அவர் பெயர் லூயிஸ் ஹைன்.

அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் முறை எப்படி ஒழிக்கப்பட்டது என்று பேசும் புத்தகங்களில் பெரும்பாலும் இவர் எடுத்த படங்கள்தான் இருக்கும். படங்களைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். எடுத்தவரின் கதை தெரிந்தவர்கள் குறைவு.

வேலைக்குப் போன சிறுவன்

1874 செப்டம்பர் 26 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ் ஊரில் பிறந்தவர் ஹைன். பெரிய வசதி இல்லாத குடும்பம். 1892இல் அப்பா இறந்துபோக, பதின்ம வயது முடிவதற்குள் வேலைக்குப் போக வேண்டிய நிலை. நாற்காலி, சோபாக்களுக்கு மெத்தை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். ஒரு நாளைக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் வேலை. சம்பளம் வாரத்துக்கு 4 டாலர்.

அதன்பிறகு கிடைத்த வேலையையெல்லாம் பார்த்தார். விறகு பிளந்தார், பார்சல் தூக்கினார், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றார், வங்கி ஒன்றில் கூட்டிப் பெருக்கினார். இடையில் விடாமல் படித்தார். ஓஷ்கோஷில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த ஃபிராங்க் மேனி என்ற கல்வியாளர், இந்த இளைஞருக்குப் படிப்பில் இருந்த ஆர்வத்தைக் கண்டுகொண்டார். அவர் கொடுத்த ஊக்கத்தில் 1900இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார் ஹைன். மறு ஆண்டே மேனி நியூயார்க்கில் எத்திக்கல் கல்ச்சர் பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது, ஹைனையும் ஆசிரியராக அழைத்துக்கொண்டார். இயற்கைப் பாடமும் புவியியலும் நடத்துவதுதான் வேலை.

கேமரா அவர் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். பள்ளி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவும், பாடம் நடத்தவும் படங்கள் உதவும் என்று மேனிதான் யோசனை சொன்னார். அப்போது ஹைனுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. புகைப்படக் கலையை எந்தப் பள்ளியிலும் போய் அவர் கற்றதில்லை. கையில் வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

எல்லிஸ் தீவில் கற்ற பாடம்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய எல்லிஸ் தீவில்தான் அவர்களுக்கு மருத்துவச் சோதனையும் ஆவணச் சோதனையும். 1907ஆம் ஆண்டில் மட்டும் அந்த வழியாக 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இத்தாலியர்கள், ரஷ்ய யூதர்கள், ஸ்லாவியர்கள் என்று பல தேசத்தவர். இவர்களைப் பற்றி உள்ளூரில் நல்ல பேச்சு இல்லை. அழுக்கர்கள், படிக்காதவர்கள், நம் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்ற வெறுப்புதான் அதிகம்.

மாணவர்கள் இந்தப் புதியவர்களை மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பதற்காகவே 1904இல் ஹைன் எல்லிஸ் தீவுக்குப் போகத் தொடங்கினார். இன்று போனை எடுத்து ஒரு தட்டு தட்டினால் படம் வந்துவிடுகிறது. அன்று அப்படியா? பெட்டிக் கேமராவை முக்காலியில் நிறுத்த வேண்டும். கண்ணாடித் தகட்டை உள்ளே செருக வேண்டும். ஒரு தட்டில் மெக்னீசியப் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால்தான் வெளிச்சம். படாரென்று தீப்பிழம்பு எழும், கூடம் முழுக்கப் புகை. இரண்டாவது படத்துக்கு வாய்ப்பே கிடையாது. எதிரில் இருப்பவருக்கோ ஆங்கிலம் தெரியாது. அலைமோதும் கூட்டத்துக்கு நடுவே கை ஜாடையிலும் புன்னகையிலும் சம்மதம் வாங்கி, ஒரே ஒரு முறை எடுக்க வேண்டும்.

அங்கே அவர் பழகியது ஒரு தொழில் முறை மட்டுமல்ல, மனிதர்களிடம் நடந்துகொள்ளும் முறையும்தான். அவருக்கு முன்பே நியூயார்க் சேரிகளைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர் ஜேக்கப் ரீஸ். சேரிகளின் அவலத்தை ஊருக்குச் சொன்ன பெருமை அவருக்கு உண்டு. ஆனால், ராத்திரி நேரத்தில் திடுதிப்பென்று அறைக்குள் நுழைந்து ஃபிளாஷ் அடித்து எடுத்தவை அவருடைய பல படங்கள். அவற்றில் மனிதர்கள் திடுக்கிட்டுப் போய்த் தெரிவார்கள். ஹைனின் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். பிள்ளைகளை எடுக்கும்போது அவர்கள் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கிக்கொள்வார். பரிதாபமாக அழும் முகத்தை அவர் தேடவில்லை. எதிரில் நிற்பவரும் நம்மைப்போல் ஒரு மனிதர்தான் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வேலையை ஏன் விட்டார்?

1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 10 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17.5 லட்சம் பேர் கூலி வேலையில் இருந்தார்கள். அதாவது, ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளை. பத்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சட்டமே இல்லையா என்றால், பல மாநிலங்களில் ஏதோ ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அது ஏட்டுச் சுரைக்காய். பிள்ளைக்கு இத்தனை வயது என்று அப்பாவோ அம்மாவோ எழுதிக் கொடுத்தாலே பல இடங்களில் போதும். பஞ்சாலைகள் நிறைந்த தென் மாநிலங்களில் போய்ச் சோதிக்க இன்ஸ்பெக்டர்கள்கூடப் போதிய அளவில் கிடையாது. பெரியவர்களின் கூலி குடும்பத்துக்குப் பத்தாது. பிள்ளைகளின் கூலி அதைவிடக் குறைவு என்பதால் முதலாளிகளுக்கு அது லாபம். இந்தச் சுழலில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதை எதிர்த்து 1904இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அறிக்கை மேல் அறிக்கை வெளியிட்டும் பெரிய அசைவு இல்லை. எண்ணிக்கையைப் படித்துவிட்டு மக்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது. அதற்காகச் சில வேலைகளை ஹைனிடம் கொடுத்துப் பார்த்தது. இடையில் பிட்ஸ்பர்க் நகரின் எஃகுத் தொழிலாளர்களின் வாழ்நிலையை ஆராய்ந்த பெரிய கள ஆய்வு ஒன்றிலும் அவர் படமெடுத்தார்.

1908இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலாளர் குழுவின் முழுநேரப் புலனாய்வாளராகவும் புகைப்படக்காரராகவும் சேர்ந்தார். கல்யாணமாகி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நிரந்தரமான, மரியாதையான வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக அலையும் வேலைக்குப் போகிறாரே என்று சுற்றியிருந்தவர்களுக்கு வியப்பாக இருந்திருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அது வாத்தியார் வேலையின் தொடர்ச்சிதான். வகுப்பறைக்குப் பதிலாக இப்போது ஒரு நாடு.

கேட்டைத் தாண்டியது எப்படி?

குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் எந்த மில்லும் உள்ளே விடாது. எனவே ஹைன் வேஷம் கட்டினார். ஒரு ஊரில் பைபிள் விற்பவர், இன்னொரு ஊரில் போஸ்ட்கார்டு வியாபாரி. சில இடங்களில் தீயணைப்புச் சோதனை அதிகாரி அல்லது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இயந்திரங்களைப் படமெடுக்க வந்த தொழில்துறைப் புகைப்படக்காரர் என்பது ரொம்பவே வசதியான வேஷம். இயந்திரம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமல்லவா, பக்கத்தில் அந்தப் பையனை நிறுத்துங்கள் என்றால் முடிந்தது. முதலாளிக்கு இயந்திரத்தின் படம், ஹைனுக்குப் பையனின் படம்.

எந்த வேஷமும் பலிக்காத இடங்களில், விடிவதற்கு முன்பே மில் வாசலில் போய் நின்றுகொள்வார். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் வரிசையாக வரும் பிள்ளைகளை எடுப்பார். அல்லது அவர்கள் வீட்டுக்கே போவார். மேஸ்திரிகளும் ஆலைக் காவலர்களும் அவரை மிரட்டியதுண்டு. வெளியே துரத்தியதும் உண்டு. பெரிய உருவமோ உரத்த குரலோ இல்லாத ஒரு முன்னாள் ஆசிரியர், பாரமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் ஃபிளாஷ் பொடியையும் சுமந்துகொண்டு இப்படிப் பத்து ஆண்டுகள் சுற்றினார்.

அவர் பார்த்தவை என்ன?

1908 ஆகஸ்ட், இண்டியானா. கண்ணாடித் தொழிற்சாலையில் நடு ராத்திரி. உலைக்கு முன்னால் பள்ளி வயதுப் பையன்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். படத்தின் குறிப்பில் நேரத்தையும் எழுதினார் ஹைன், இரவு வேலைக்கு அதுதான் ஆதாரம்.

1909 ஜனவரி, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரம். பஞ்சாலையில் நூற்பு இயந்திரத்தின் மேல் சிறுவர்கள் ஏறி நிற்கிறார்கள். விளையாட்டுக்கு அல்ல. அறுந்த நூலை முடிச்சுப் போடவும் காலி பாபினை மாட்டவும் அவர்களுக்கு உயரம் போதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் சட்டத்தில் கால் வைத்து ஏறினால்தான் கை எட்டும். சிலருக்குக் காலில் செருப்புகூட இல்லை.

1911 ஜனவரி, பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டன். நிலக்கரிச் சுரங்கத்துக்கு வெளியே, நிலக்கரியை உடைத்துப் பிரிக்கும் கூடம். சரிவான தடத்தில் நிலக்கரி வந்துகொண்டே இருக்கும். அதன் மேல் குனிந்து உட்கார்ந்து, கல்லையும் கசடையும் வெறுங்கையால் பொறுக்கி எறிவது பையன்களின் வேலை. எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குச் சில நேரம் தூசி அடர்ந்துவிடுகிறது என்றும், அது பையன்களின் நுரையீரலுக்குள் ஆழமாக இறங்குகிறது என்றும் எழுதினார் ஹைன். வேலையில் சுணங்கினால் குத்தவும் உதைக்கவும் சில சமயம் மேலே ஒரு ஆள் நிற்பதையும் குறித்துவைத்தார்.

1911 பிப்ரவரி, மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி கடற்கரை. சிப்பியும் இறாலும் டப்பாவில் அடைக்கும் கம்பெனி. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், மலைபோல் குவிந்த சிப்பி ஓடுகளுக்கு முன்னால் இறால் பாத்திரங்களோடு நிற்கிறான். போன ஆண்டும் அவன் வேலை செய்திருக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

இவை தவிர, நியூயார்க் அடுக்குக் குடியிருப்புகளில் குடும்பமே உட்கார்ந்து காகிதப் பூ கட்டும் காட்சி, நள்ளிரவில் பேப்பர் விற்கும் பையன்கள், கொலராடோவில் பீட்ரூட் வயலில் குனிந்து நிற்கும் பிள்ளைகள், டெக்சாஸில் பருத்தி பறிக்கும் பிள்ளைகள் என்று அவர் போகாத இடமே குறைவு. குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் எடுத்த படங்கள் 5,000க்கும் மேல்.

படத்தைவிடக் குறிப்பு ஏன் முக்கியம்?

ஹைனை மற்ற புகைப்படக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான்.

வட கரோலினாவின் விட்னல் ஊர்ப் பஞ்சாலையில் 1908 டிசம்பரில் ஒரு சிறுமியைப் படமெடுத்தார். இரண்டு வரிசை இயந்திரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் அந்தப் பிள்ளையின் படம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் படத்தோடு அவர் எழுதி வைத்த விவரங்களைப் பாருங்கள். உயரம் 51 அங்குலம், அதாவது நாலேகால் அடி. மில்லில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சில நாள் இரவு ஷிப்டும் உண்டு. நாலு பக்க இயந்திரத்தைக் கவனித்துக்கொள்கிறாள். ஒரு நாள் கூலி 48 சென்ட். வயதைக் கேட்டபோது நினைவில்லை என்று தயங்கியவள், பிறகு ரகசியமாக, வேலைக்கு வரும் வயது தனக்கு ஆகவில்லைதான் என்று ஒப்புக்கொண்டாள். அங்கே வேலை செய்யும் 50 பேரில் பத்துப் பேர் ஏறக்குறைய அவள் அளவுதான்.

கடைசி விவரம் முக்கியமானது. எங்கோ ஒரு பிள்ளை தப்பித் தவறி மில்லுக்குள் வந்துவிட்டது என்று முதலாளி சொல்லித் தப்பிக்க முடியாது. ஐம்பதில் பத்து.

மில் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. படங்கள் பொய், ஜோடித்தவை, வேலைக்கே வராத பிள்ளைகளை நிறுத்தி எடுத்தவை என்றெல்லாம் பதிலடி வந்தது. இது வரும் என்று ஹைனுக்கு முன்பே தெரியும். அதனால்தான் நெகட்டிவில் கை வைத்துத் திருத்துவதை அவர் தவிர்த்தார். தேதி, ஊர், ஆலையின் பெயர், பிள்ளையின் பெயர், வயது, எத்தனை மாதமாக வேலை, எவ்வளவு கூலி என்று எழுதினார். முடிந்த இடங்களில் பெற்றோர் குடும்ப பைபிளில் குறித்து வைத்திருந்த பிறந்த தேதியைப் பார்த்தார். சில இடங்களுக்குக் கூட ஒரு சாட்சியையும் அழைத்துப் போய், அவர் பெயரையும் குறிப்பில் சேர்த்தார். ஒரு படம் பொய் என்று நிரூபிக்கப்பட்டால், மீதி ஆயிரக்கணக்கான படங்களும் செல்லாக்காசாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் படங்கள் துண்டுப் பிரசுரங்களில் வந்தன, பத்திரிகைகளில் வந்தன, சுவரொட்டிகளாயின. ஊர் ஊராகக் கண்காட்சி நடந்தது. கண்ணாடி ஸ்லைடுகளைத் திரையில் காட்டி ஹைனே கூட்டங்களில் பேசினார். கண்காட்சிப் பலகைகளை வடிவமைக்கும் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார்.

சட்டம் உடனே வந்துவிட்டதா?

ஒரு படம் வந்தது, நாடு கலங்கியது, சட்டம் மாறியது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உண்மையில் நடந்தது அப்படி இல்லை.

1912இல் அமெரிக்க அரசு, குழந்தைகள் நலனுக்கென்று முதல்முறையாக ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. ஜூலியா லேத்ராப் அதன் தலைவரானார். 1916இல் கீட்டிங்–ஓவன் சட்டம் நிறைவேறியது. 14 வயதுக்குட்பட்டவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் பொருள்களையும், 16 வயதுக்குட்பட்டவர்கள் வேலை செய்யும் சுரங்கத்தின் பொருள்களையும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்கக் கூடாது என்றது அது. குழந்தைத் தொழிலாளர் குழுவுக்குப் பெரிய வெற்றி.

ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வட கரோலினாவில் தன் மகன்களோடு பஞ்சாலையில் வேலை செய்த ஒரு தந்தையின் பெயரிலேயே வழக்கு தொடரப்பட்டது. உற்பத்தியைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அடுத்து, பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் கம்பெனிகளுக்கு வரி போடும் சட்டம் வந்தது. 1922இல் அதுவும் ரத்து. 1924இல் அரசியலமைப்பையே திருத்த நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. போதுமான மாநிலங்கள் ஏற்காததால் அதுவும் கிடப்பில் போனது.

கடைசியில் 1938இல்தான், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில், நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வந்தது. 1941இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஹைன் முழுநேரமாக இந்த வேலையில் இறங்கி 30 ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் இது. அதற்கும் படங்கள் மட்டும் காரணம் இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் பெரியவர்களுக்கே வேலை இல்லாமல் போனதால், பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும் என்ற குரல் வலுத்தது. தொழிற்சங்கங்கள் போராடின. இயந்திரங்கள் மேம்பட்டுச் சின்னக் கைகளின் தேவை குறைந்தது. இது ஒரு சமூகப் பிரச்சினை, குடும்பங்களின் சொந்த விஷயம் இல்லை என்ற எண்ணத்தை அதுவரை உயிரோடு வைத்திருந்ததில் ஹைனின் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1938 சட்டம் ஆலைப் பிள்ளைகளைக் காப்பாற்றியது, விவசாய வேலையில் இருந்த பிள்ளைகளைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிட்டது. பீட்ரூட் வயலிலும் பருத்திக் காட்டிலும் ஹைன் எடுத்த படங்களுக்கு, பஞ்சாலைப் படங்களுக்குக் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. மற்ற தொழில்களைவிடக் குறைந்த வயதில் பண்ணை வேலை செய்ய அமெரிக்கச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது.

மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேமரா

1918இல் குழந்தைத் தொழிலாளர் குழுவை விட்டு விலகிய ஹைன், செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஐரோப்பா போனார். முதல் உலகப் போரால் சிதைந்த பிரான்ஸ், செர்பியா, கிரீஸ் போன்ற நாடுகளில் அகதிகளையும் அநாதைக் குழந்தைகளையும் படமெடுத்தார்.

திரும்பி வந்தபின் அவர் பார்வையில் ஒரு மாற்றம் வந்தது. உழைப்பவரின் துன்பத்தைக் காட்டியாகிவிட்டது, இனி அவருடைய திறமையையும் கம்பீரத்தையும் காட்ட வேண்டும் என்று நினைத்தார். நீராவி இயந்திரத்தின் போல்ட்டைப் பெரிய ஸ்பேனரால் முறுக்கும் மெக்கானிக்கின் படம் இந்தக் காலத்தில் எடுத்ததுதான்.

1930இல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, அதைப் பதிவு செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. வயது 56. இரும்புத் தொழிலாளர்களோடு மாடி மாடியாக ஏறினார். உச்சியில் சரியான கோணம் கிடைக்காதபோது, கிரேனில் கட்டிய கூடையில் உட்கார்ந்து தெருவுக்கு மேலே அந்தரத்தில் தொங்கியபடி படமெடுத்தார். அந்தப் படங்களோடு 1932இல் சிறுவர்களுக்கான ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

வானத்தில் நீண்டிருக்கும் இரும்புத் தூலத்தில் வரிசையாக உட்கார்ந்து தொழிலாளர்கள் சாப்பிடும் புகழ்பெற்ற படத்தை ஹைன் எடுத்ததாகப் பலர் பகிர்வார்கள். அது தவறு. அந்தப் படம் 1932இல் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டடத்தில் எடுக்கப்பட்டது. அதற்கும் ஹைனுக்கும் தொடர்பில்லை.

கையேந்த வேண்டிய கடைசிக் காலம்

1930களில், கிராமப்புற வறுமையைப் பதிவு செய்ய அமெரிக்க அரசே ஒரு புகைப்படப் பிரிவைத் தொடங்கியது. டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ் போன்றவர்கள் அதில்தான் பேர் வாங்கினார்கள். அந்தப் பாதையை அவர்களுக்கு முன்பே போட்டவர் ஹைன். தனக்கும் அங்கே இடம் வேண்டும் என்று அதன் தலைவர் ராய் ஸ்டிரைக்கரிடம் கேட்டார். கிடைக்கவில்லை. அவருடைய பாணி பழையது என்று கருதப்பட்டது. தன் நெகட்டிவ்கள் தன் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர் என்ற பேரும் இருந்தது.

சின்னச் சின்ன அரசு வேலைகள் வந்தன, நின்றன. பணம் கரைந்தது. கடன் கட்ட முடியாமல், நியூயார்க் அருகே ஹேஸ்டிங்ஸ் ஊரில் இருந்த சொந்த வீடு கைவிட்டுப் போனது. அரசு நிவாரண உதவியை நாட வேண்டிய நிலை. எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குள் போய் அவர்கள் கணக்கைக் கேட்டு எழுதியவர், கடைசியில் தன் கணக்கை அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

விமர்சகர் எலிசபெத் மெக்காஸ்லாண்டும் புகைப்படக்காரர் பெரனிஸ் அபாட்டும் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயன்றார்கள். 1939இல் நியூயார்க் ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படங்களின் கண்காட்சி நடந்தது. பாராட்டு வந்தது, வருமானம் வரவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மனைவி சாரா இறந்துபோனார். 1940 நவம்பர் 3 அன்று, 66ஆவது வயதில் ஹைன் காலமானார். பிள்ளைகளுக்கான சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அவர் இறந்த மூன்று மாதம் கழித்து.

படங்களுக்கு என்ன ஆனது?

அவர் மகன், படங்களையும் நெகட்டிவ்களையும் நியூயார்க்கில் இருந்த ஃபோட்டோ லீக் என்ற புகைப்படக்காரர்கள் சங்கத்திடம் ஒப்படைத்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலையில் அரசின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தச் சங்கம் 1951இல் கலைந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அந்தத் தொகுப்பைக் கொடுக்க முன்வந்தபோது, அது ஏற்கவில்லை. ராச்செஸ்டர் நகரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மேன் அருங்காட்சியகம்தான் வாங்கிக் காப்பாற்றியது. குழந்தைத் தொழிலாளர் படங்களின் தொகுப்பு 1954இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பிறகு நிலைமை தலைகீழானது. வாடகைக்கே திண்டாடியவரின் பிரிண்ட்கள் ஏலத்தில் பெரிய விலைக்குப் போயின. 1990களில் அவர் கையெழுத்தோடு விற்கப்பட்ட சில பிரிண்ட்கள், அவர் இறந்த பிறகு தயாரான தாளில் அச்சிடப்பட்டவை என்று சோதனையில் தெரியவந்த சம்பவமும் நடந்தது.

1910இல் வெர்மான்ட் மாநிலத்தின் நார்த் பௌனல் பஞ்சாலையில், இயந்திரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு மெலிந்த சிறுமியைப் படமெடுத்திருந்தார் ஹைன். 1998இல் அந்தப் படம் அமெரிக்கத் தபால்தலையாக வந்தது. அந்தப் பெண் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1993இல்தான் இறந்தார் என்பது பிறகு தெரியவந்தது. தன் முகம் நாடு முழுக்கத் தெரிந்த முகம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆவணங்களில் அவர் குடும்பப் பெயர் தவறாகப் பதிவாகியிருந்ததால், ஆள் யாரென்று கண்டுபிடிக்கவே இத்தனை காலம் ஆனது.

மற்ற பல பிள்ளைகளின் பெயர்கள் சரியாகவோ, ஓரளவு சரியாகவோ இருந்தன. இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களையும் ஊர்களையும் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பேரன் பேத்திகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தங்கள் பாட்டியை, தாத்தாவைச் சின்ன வயதில் பார்க்கக் கிடைத்த ஒரே படம் அதுதான். மில்லில் நின்ற எல்லாப் பிள்ளைகளின் வாழ்க்கையும் அங்கேயே முடிந்துவிடவில்லை. பலர் வளர்ந்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள், தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆதாரமாக இருக்கட்டும் என்றுதான் ஹைன் அந்தப் பெயர்களை எழுதினார். மேஸ்திரி பார்க்காத நேரத்தில், கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கிறுக்கிய எழுத்துகள் அவை. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் இன்று வெறும் குழந்தைத் தொழிலாளர்களாக இல்லாமல், ஒரு குடும்பத்தின் பாட்டியாகவும் தாத்தாவாகவும் இருக்கிறார்கள்.